எண்ணூருக்கு எல்லா மாசமும் சீசன்தான்

அந்த ஆளு பண்ணது துரோகம், டீச்சரம்மா. வேற பேரு கெடையாது அதுக்கு. நீ பட்ச்சவ, நல்லதா ஒரு வார்த்த தெரிஞ்சா சொல்லு, மாத்திக்கிறேன். அது வரிக்கும் துரோகம்தான்.

எந்த ஆளா? எங்க குப்பத்துப் பெரியதனக்காரரு. அவுரு கைய அசைச்சா கரையில கீற மரம் அத்தினியும் கடல்ல எறங்கும். கட்டுமரத்த நாங்க மரம்னுதான் சொல்லுவோம். அப்பேர்ப்பட்ட ஆளு, கோயில் வாசல்ல நின்னுகினு, பவுனம்மாகிட்ட இனிமே யாரும் பேசக் கூடாதுன்னு சொன்னாரு. முடிஞ்சிது. நீ டேசன்ல எறங்கி, பவுனம்மா படகுத் தொற எங்க கீதுன்னு கேட்டதும் நாலு பேரு மூஞ்சத் திருப்பிகினு போனாங்கன்னியே, அது உன்னியப் பாத்து இல்ல. நீ இன்னா பண்ணே பாவம், என் பேரக் கேட்டே. பதில் சொல்லிட்டா கோயிலுக்குத் தண்டம் கட்டணும் அவுங்க.

குந்தும்மா. நின்னுகினே இருந்தா ஏத்தம் சீக்கிரம் வந்துடுமா? கழியில தண்ணி ஏறினாதான் படகு நவுரும். இப்ப எறங்கினே, பாதி வழியில சேத்துல மாட்டிகினு நண்டுக்குக் கத சொல்லிகினு இருப்பே. அதோ அந்தாண்ட கரையில படகுல காலு நீட்டிப் படுத்துகினு கீறாரே, அவுருதான் ஷாகுல் ஹமீது பாயி. தண்ணி ஏறி படகு ஆடினா தானா எழுந்துப்பாரு. பழவேற்காட்டு ஆளு. எங்க ஊர்க்கட்டு அவுர ஒண்ணும் பண்ணாது. அவுரு ஒருத்தர வெச்சுகினுதான் ஒரு வருசமா இந்தத் தொறைய ஓட்டிகினு கீறேன்.

காப்பி குடி. சுக்குக் காப்பிதான், ஆனா நல்ல வெல்லம். நெருப்பு ஏதுன்னு பாக்கிறியா? சிரிக்காத, கத ஒண்ணு கேளு. எனுக்கு யாரும் நெருப்பு குடுக்கக் கூடாது, தண்ணி குடுக்கக் கூடாதுன்னு கட்டு. திருவொத்தியூர்ல தீக்குச்சி கம்பெனிய வெச்சுகினு, சங்கு ஊதறது இங்க வரிக்கும் கேக்குது, இங்க ஒருத்திக்கு நெருப்பு இல்லியாம்! ஒரு பொட்டி வாங்கி இடுப்புல சொருகினேன், தீந்துது. தண்ணி ரயில்வே குழாயில புடிச்சிக்கிறேன். இஞ்சினு குடிக்கிற தண்ணி எனுக்கு ஆவாதா?

இன்னா, உன் காலேஜுப் பொண்ணுங்கள அக்கரைக்குக் கூட்டிகினு போற ரேட்டுல ரவ கொறைக்கணுமா? அதானே பாத்தேன், காப்பி உள்ள போனதும் கேப்பேன்னு தெரியும். கொறைக்க மாட்டேன். நான் இஸ்கோலு பக்கம் மழைக்குக் கூட ஒதுங்கினதில்ல, ஆனா ராயபுரம் மார்க்கெட்டுல மீன் கூடையோட பன்னெண்டு வயசுலயே குந்தினவ. ஒரு கட்டு கீரைக்கு மூணு தெரு நடக்கற மாமிங்கள்லாம் என்னாண்ட தோத்துட்டுப் போயிருக்காங்க. நீ புதுசு. உன்னியப் பாத்தாலே தெரியுது, பேரம் பேசறப்போ கண்ணக் கீழ போட்டுக்கிறே. கண்ணக் கீழ போட்டா வெல ஏறும்மா. சரி, வுடு. ரேட்டு அதேதான், ஆனா பொண்ணுங்களுக்கு வறுத்த எறாலு என் கணக்கு. திருப்தியா?

வேற மாசத்துலயும் கூட்டிகினு வரலாமாவா? நல்லா கேட்டே போ! எண்ணூருக்கு எந்த மாசம் சீசன் இல்ல? உங்க பட்டணம் பூரா காலேஜு. எந்தப் பக்கம் கல்லு வுட்டாலும் ஒரு பி.ஏ. மண்டையிலதான் வுழும். அத்தினி புள்ளைங்களும் ஞாயித்துக்கெழமையானா மெரினாவுல சுண்டல் துண்ணுட்டு, அதே மணல்ல அதே எடத்துல குந்திட்டுப் போறாங்க. ரயிலேறினா பேசின் பிரிட்ஜு, அப்பால கரிப் பொகை ரவ கண்ண எரிக்கும், கண்ணத் தொடச்சிகினு பாத்தா எண்ணூரு. ஒரு பக்கம் கடலு, ஒரு பக்கம் கழி, நடுவுல சவுக்குத் தோப்பு. இத்த வுட்டுட்டு!

இப்ப மார்கழி கடைசி. பூநாரை வந்து எறங்கியிருக்கு. எங்கியோ வடக்கேர்ந்து வருதாம், உங்க பொண்ணுங்கதான் சொல்லிச்சிங்க. தண்ணியில வெள்ள வெளேர்னு நின்னுகினு கீதேன்னு நெனைப்பே. ஒண்ணு பயந்து ஏந்துச்சின்னா போதும், அத்தினியும் எறக்கையத் தூக்கும் பாரு, உள்ள அம்மாஞ் செவப்பு! தை முழுக்க அது. மாசியில மகம், திருவொத்தியூரு சாமி கடலாட வரும். அன்னிக்கி நான் யாரையும் கூப்புட வேணாம், ஊரே வரும். எங்க குப்பத்து அம்மனும் வந்தா. எல்லாரும் தோளுல சுமந்துகினு வந்தாங்க, நான் தோப்புல ஒரு மரத்தடியில நின்னு கும்புட்டேன். கிட்ட போவக் கூடாதே. பரவாயில்ல, சாமிக்குக் கண்ணு நல்லாத்தான் தெரியும்.

சித்திரையில பரீச்சைக்குப் பட்ச்சிகினு பசங்க வருவாங்க. தோப்புக்குள்ள ஆளுக்கொரு மரத்தச் சுத்திகினு, ஐயருங்க மந்திரம் சொல்றாப்புல சத்தமா. வெயிலு ஏறினா புஸ்தகத்தத் தலைக்கு வெச்சுப் படுத்துடுவானுங்க. நுங்கு வெட்டி வெச்சேன்னா எழுந்துப்பானுங்க. வைகாசியில மாங்கா. கடல்ல முங்கிட்டு வந்து, ஒதட்டுல உப்பு கீறப்போவே மாங்காயக் கடிச்சிப் பாத்திருக்கியா? உப்பு தனியா தொட்டுக்க வேணாம்மா! அப்ப உப்பளத்துலயும் பாத்தி பாத்தியா வெளைஞ்சி நிக்கும். போன வருசம் ஒரு பையன், பணக்கார வூட்டுப் புள்ள, இதான் எனக்கு இமயமலைன்னு சொல்லிகினு உப்புக் குமியில ஏறிப் படுத்துட்டான். மேஸ்திரி தடியெடுத்துகினு ஓடியாந்தான். நான் குறுக்க வுழுந்து, இமயமலையில அடிதடி கூடாதுப்பான்னு சொல்லி அனுப்பிச்சேன்.

ஆடிக் காத்துக்குக் காத்தாடி. வக்கீலுக்குப் படிக்கிறவனுங்க ஒரு பக்கம், டாக்டருக்குப் படிக்கிறவனுங்க ஒரு பக்கம். நூலுக்கு மாஞ்சா ராயபுரத்துலேர்ந்து நான் வரவழைச்சேன். கை அறுத்துகினா டாக்டரு பக்கம் கட்டுப் போடுவாங்க, அறுந்த காத்தாடி யாருதுன்னு சண்ட வந்தா வக்கீலு பக்கம் தீர்ப்பு சொல்லுவாங்க. எனுக்கு இன்னா, சிரிச்சிகினே கூழு ஊத்துவேன்.

புரட்டாசிதான் பேஜாரு. பெருமாளு மாசம்னு பாதி பட்டணம் மீனத் தொடாது. நானும் ஒரு வாரம் ஈ ஓட்டிகினு குந்தியிருந்தேன். அப்பால ரயிலேறி ஒரு காலேஜு கேட்டாண்டயே போயி நின்னேன். மீனுங்களப் பத்திப் பாடம் நடத்தற வாத்தியாரு யாருன்னு கேட்டேன். அவுரு வந்தாரு, கண்ணாடி போட்டுகினு. சாமி, இந்த மாசம் தின்னக் கூடாது சரி, பாக்கக் கூடாதுன்னு பெருமாளு சொல்லியிருக்காரான்னேன். மனுசன் அசந்துட்டாரு. அந்த வாரமே ஒரு வகுப்பையே இஸ்துகினு வந்துட்டாரு. கண்ணாடி ஜாடியில சொறி மீனு, நட்சத்திர மீனு, பேரு தெரியாத புழுவுன்னு அள்ளிகினு, தீவாளிக்குப் பட்டாசு வாங்கினாப்புல சந்தோசமா போனாங்க.

ஐப்பசி, கார்த்தி மழையில யாரு வருவான்னு கேக்கறியா? கோடையில முகத்துவாரம் மண்ணு மூடிக்கும்மா. மழைக்கு ஆத்து வெள்ளம் வந்து உள்ள முட்டிகினு நிக்கும். அந்தாண்ட கடலு முட்டும். நடுவுல ஒரு மண்ணு மேடு, எம்மா நேரம் தாங்கும்? ஒரு எடத்துல சின்னதா, எலி பறிச்சாப்புல கசியும். அப்பால பாரு, யானக் கூட்டம் வேலிய ஒடைச்சிகினு போறாப்புல தண்ணி பாயும். இஞ்சினீருக்குப் படிக்கிற பசங்க கோணிய தலையில போட்டுகினு வந்து, வடக்க ஒடையுமா தெக்க ஒடையுமான்னு பந்தயம். நானும் கட்டினேன். தோத்துட்டேன். சாமி சத்தியமா தெக்கதான் ஒடையும்னு நெனைச்சேன். பந்தயத்துல தோத்ததுக்கு அத்தினி பேருக்கும் வஞ்சிரம் வறுத்துப் போட்டேன், நனைஞ்சிகினே துண்ணானுங்க.

ஆக எந்த மாசத்துக்கு வேணும்னாலும் வா. ஆனா ஒண்ணு. இன்னிக்கி சாயங்காலம் தாண்டியும் நான் இங்க இருந்தா வா.

அதான் சொல்ல வந்தேன். இன்னிக்கி சாயங்காலம் கோயில் வாசல்ல கூட்டம். கட்டுப் போட்டு ஒரு வருசம் ஆவப் போவுது. போகிக்கு முந்தி பைசல் பண்ணணுமாம். பழைய பாயி, ஒடைஞ்ச மொறம்லாம் கழிக்கிறாப்புல என்னியும் கழிச்சி வுட்டுடலாம்னு பாக்கறாங்க. கூட்டத்துல நடுவுல நின்னு, கால்ல வுழுந்து, தப்புன்னு சொன்னா கட்டு அவுந்துடும். சொல்லலன்னா இந்தக் குடிசையப் பிரிச்சிட்டு, ஊர் எல்லைய தாண்டிடணும். இந்தத் தொற, இந்தக் கழி, எதுலயும் எனுக்குப் பாத்தியதை கெடையாது. காலையிலேர்ந்து தப்பட்டக்காரன் அத்தயேதான் சொல்லிகினு போறான், உனுக்குக் கேட்டிருக்குமே.

சொல்லிட்டுப் போவ வேண்டியதுதானேன்னா கேக்கறே? ஒரு வார்த்ததானேன்னு? இரு, இன்னா நடந்துச்சின்னு கேட்டுட்டு அப்பால நீ புத்தி சொல்லு.

போன காணும் பொங்கலு. உங்க காலேஜுப் பொண்ணுங்கதான் வந்துச்சிங்க, ஹாஸ்டல்லேர்ந்து ஊருக்குப் போவ முடியாததுங்க. அக்கரையில பூநாரை காட்டறேன்னு வாக்குக் குட்த்திருந்தேன். படகு வலிக்கறேன்னு கோதண்டம் எனுக்கு வாக்குக் குட்த்திருந்தான். என் பெரியம்மா புள்ளதான் அந்தக் கய்தே. காலையில பாத்தா ஆளு இல்ல. துடுப்ப வூட்டுக்குள்ள வெச்சுப் பூட்டிகினு பார்க் டவுன் கண்காட்சிக்குப் பூட்டான், ராட்டினம் சுத்த! மத்த ஆம்பளைங்க அத்தினி பேரும் திருவொத்தியூர்ல சடுகுடு பாக்கப் போயிட்டாங்க. கரையில ஒரு மீசையும் கெடையாது.

பொண்ணுங்க நிக்கிதுங்க. சோத்து மூட்டையக் கையில வெச்சுகினு. பரவால்ல பவுனம்மா, இங்கேர்ந்தே பாத்துட்டுப் போறோம்னுச்சிங்க. இங்கேர்ந்து இன்னாத்தப் பாக்கறது? கோடு மாதிரி தெரியும். ஒரு பொண்ணு, நெட்டையா, மதுர பக்கமோ எங்கியோ, அது சொல்லுச்சி: நான் பட்டணம் வந்து ரெண்டு வருசம், ஹாஸ்டல் செவுரத் தவுர எதையும் முழுசா பாத்ததில்லன்னு. சிரிச்சிகினேதான் சொல்லுச்சி. அந்தச் சிரிப்புதான் என்னியக் கிளப்பி வுட்டுது.

கழிக்கரையில ஒரு மரம் கெடந்துச்சி, கோலோட. யாரு மரமா? அத்த அப்பால சொல்றேன். பொடவைய வரிஞ்சி கட்டினேன். ஏறினேன்.

உனுக்கு இது ஒண்ணும் பெருசா தெரியாது. எங்கள்ல பொம்பள மரத்துல கால் வெக்கக் கூடாதும்மா. மரம் சாமி. மரத்தத் தொட்டுக் கும்புட்டுட்டு, ஆம்பளதான் ஏறணும். நாங்க கரையில நின்னு கூடைய ஏந்தணும். பொம்பள காலு பட்டா கடலு கதவச் சாத்திக்கும்னு பேச்சு. துன்ற சோறு கடலு, கட்டுற துணி கடலு, நானும் அத்த மீறினதில்ல, பத்து இருவது வருசமா ஊரு பாத்து நான் மரத்துல ஏறினதில்ல. அன்னிக்கி ஏறினேன். மூணு மூணு பொண்ணா ஏத்திகினு, கோலு ஊனி, அந்தாண்ட கொண்டு வுட்டேன். மொதல்ல கீச்சுமூச்சுன்னு கத்திச்சிங்க, பொடவை நனையிதுன்னு. பூநாரை கிட்ட போனதும் ஒண்ணும் வாயத் தொறக்கல. மொத்தமா ஏந்துச்சி பாரு, வானமே கன்னஞ் செவந்தாப்புல. அந்த நெட்டப் பொண்ணு என் தோளப் புடிச்சிகினு அழுதுச்சி. நல்ல அழுவ.

திரும்பி வரேன், கரையில குப்பம்மா நிக்கறா. என் ஓரகத்தி. கருவாடு பொறுக்கிகினு இருந்தவ, கூடையப் போட்டுட்டு மாரடிச்சா பாரு, எங்கியோ எழவு வுழுந்துடுச்சின்னு நாய்ங்கள்லாம் ஓடிச்சி.

அதுக்கும் மேல கடலு சதி பண்ணிச்சி. அடுத்தாப்புல நாலஞ்சி நாளு, போட்ட வலையில சொறியத் தவுர ஒண்ணும் ஏறல. தை மாசத்துல சில வருசம் அப்டி வர்றதுதான். ஆனா யாரு கேப்பா? பவுனம்மா காலுதான்னுட்டாங்க. கூட்டம் போட்டாங்க. நடுவுல நிறுத்தினாங்க. ஏம்மே மரத்துல ஏறினேன்னாங்க. வாக்குக் குட்த்தேன், ஏறினேன்னேன். தெரியாம கால வெச்சிட்டேன்னு சொல்லி வுழுந்து எழுந்துரு, தேங்கா ஒடைச்சி மரத்துக்குத் தீட்டுக் கழிச்சிடலாம்னாங்க. நான் சொன்னேன்: தெரியாம வெக்கல. தெரிஞ்சிதான் வெச்சேன். நாளைக்கே அந்தப் பொண்ணுங்க வந்து நின்னா மறுக்காவும் வெப்பேன்.

அவ்ளோதான், கொதிச்சிட்டாங்க. அப்பால ஒரு கெழவன் கேட்டான் பாரு ஒரு கேள்வி. புள்ள, ஏறினே, சரி. கோலு ஊனினியே, ஒரு எடத்துல மரம் தடுமாறலியாமே, குப்பம்மா சொல்றா. அது ஒரே நாள்ல வர்ற வித்தையா? உனுக்கு யாரு கத்துக் குட்த்ததுன்னு. நான் அந்தப் பெரியதனக்காரரப் பாத்தேன். அவுரு மண்ணப் பாத்தாரு. கடலம்மா கத்துக் குட்த்தான்னு சொன்னேன். திமிருன்னுட்டாங்க. அந்த ஆளு எழுந்தாரு, தொண்டையக் கனைச்சாரு, கட்டுன்னு சொல்லிட்டு, துண்ட ஒதறித் தோள்ல போட்டுகினு போனாரு. துரோகம்னு சும்மாவா சொன்னேன்?

இப்ப சொல்லு புத்தி. ஒரு வார்த்ததானேன்னு சொல்லு பாப்போம்.

வேணாம்னு தலைய ஆட்டறியே. நல்ல பொண்ணு.

எப்டி ஒரு வருசம் பல்லக் கடிச்சிகினு இருந்தேன்னா கேக்கறே? நெருப்புக்கும் தண்ணிக்கும் வழி பண்ணிகினேன், சோத்துக்கும் பண்ணிகினேன். பேச்சுக்குத்தாம்மா வழி தெரியல. மொதல் பத்து நாளு பைத்தியம் புடிச்சாப்புல ஆயிட்டேன். சின்னக் கொழந்த கூட மூஞ்சத் திருப்பிகினு ஓடும். ஒரு நாளு காக்காயாண்ட கருவாட்டு வெல பேசிகினு இருந்தேன், நெசமா! அப்பதான் ரெண்டு காலேஜுப் பசங்க வழி தெரியாம வந்தானுங்க. எங்க ஊர்க்கட்டு ஊருக்குள்ளதானே? வெளியூரு வாய்க்கு யாரு பூட்டுப் போடறது? ரெண்டு மணி நேரம் பேசினேன் அவனுங்களோட. பயந்தே பூட்டானுங்க. அன்னிக்கி முடிவு பண்ணேன், ஒரு மாசமும் வெறும் மாசமா போவ வுடக் கூடாதுன்னு. எந்த மாசத்துக்கு இன்னா காட்டலாம், யார இஸ்துகினு வரலாம்னு. புரட்டாசிக்கு அந்த வாத்தியாராண்ட போயி நின்னேனே, யாவாரத்துக்குன்னு நெனைச்சிகினியா? பேசறதுக்கு ஆளு வேணும் டீச்சரம்மா. சீசனு சீசனா ஆளு வேணும். நீங்கள்லாம் பறவை பாக்க வந்தீங்க. நான் ஒங்க வாயப் பாக்க வந்தேன்.

இன்னா நீ, அந்தப் பக்கமே திரும்பித் திரும்பிப் பாக்கறே? அந்த வலை தெய்க்கிற மனுசனயா? ஆமா, காலையிலேர்ந்து அங்கதான் குந்தினு கீறாரு. நம்ம பேச்சக் கேக்கறாரா? கேக்கட்டுமே. எங்க ஊர்ல வாய்க்குத்தான் தண்டம், காதுக்குக் கெடையாது. நான் பேசறதுக்கும் கெடையாது, பதில் சொன்னாதான்.

இன்னிக்கி மட்டும் இல்லம்மா, தெனமும் வர்றாரு. எவனாவது ரயில்லேர்ந்து எறங்கினா போதும், வலையத் தூக்கிகினு வந்து அந்தப் பூவரச மரத்துக்குக் கீழ குந்திக்குவாரு. அந்த வலை கிழிஞ்சி நான் பாத்ததில்ல. தெச்ச எடத்தப் பிரிச்சி மறுக்கா தெய்ப்பாரு. ஐப்பசி மழையில பந்தயம் கட்டினோம்னேனே, அப்ப கூட தலையில ஓலையப் போட்டுகினு குந்தியிருந்தாரு. பாயி ஒரு நாளு, இந்த ஆளுக்குப் புத்தி ரவ கலங்கிப் போச்சா பவுனம்மான்னு கேட்டாரு. கலங்கல. என் கொரலு கேக்கணும் அவுருக்கு. அது எனுக்குத் தெரியும். எனுக்குத் தெரியும்னு அவுருக்கும் தெரியும்.

எங்க ஊட்டுக்காரரு. ஆமாம்மா, பெரியதனக்காரரும் அவுருதான்.

உக்காரு, ஏன் எழுந்துக்கறே! இம்மா நேரமா அவுர வெச்சுகினேவா திட்டினேன்னா? பின்ன, அவுரு இல்லாதப்போ திட்டி இன்னா புண்ணியம்?

நான் ஏறின மரமும் அவுரு மரம்தான். தீட்டுப் பட்டுச்சின்னு அத்தயும் கரையேத்திக் கவுத்துப் போட்டாங்க. சாயங்காலம் நான் வுழலன்னா தாலிய வாங்கி எங்கள தீத்து வுட்டுடறதுன்னு பேசி வெச்சிருக்காங்க. காசிமேட்டுல ஒரு பொண்ணக் கூட பாத்து வெச்சாச்சாம், குப்பம்மா வேணும்னே என் காதுல வுழறாப்புல கூவிகினு போனா. அதுக்கெல்லாம் நான் அழுவல. அந்தக் கெழவன் கேட்டானே, யாரு கத்துக் குட்த்ததுன்னு, அதுக்குத்தான் ஒரு வருசமா எனுக்கு வயிறு எரியுது.

கல்யாணம் ஆன வருசம். ஜப்பான்காரன் குண்டு போடுவான்னு பட்டணமே மூட்ட கட்டிகினு ஓடிச்சே, அந்த வருசத்து மழ. அட மழன்னா மழ, பத்து நாளு கடலுக்கு ஒருத்தனும் போவல, குப்பமே கதவச் சாத்திகினு படுத்துனு கெடந்துச்சி. இந்தக் கழியில ஒரு ஈ காக்கா இல்ல. அந்த மனுசன், அப்ப பெரியதனம்லாம் இல்ல, மீச அப்பதான் மொளைச்சிகினு இருந்துச்சி, என் கையப் புடிச்சி இஸ்துகினு வந்து மரத்துல ஏத்தினாரு. நான் பயந்தேன். கடலு கோவிச்சிக்கும்யான்னேன். கடலும் உனுக்கு மாமியாவான்னு சிரிச்சாரு. கோல என் கையில குட்த்துட்டு, பின்னால நின்னுகினு, காலு மரத்துல இருக்கட்டும், கண்ணு அக்கரையில இருக்கட்டும்னாரு. அந்தப் பத்து நாளும் இதான் வெளையாட்டு. நனைஞ்சி, சளி புடிச்சி, மாமியாகிட்ட திட்டு வாங்கி, மறுநாளு மறுக்கா. மழ வுட்டதும் கடலுக்குப் போனாரு. வலை கொள்ளாத மடவை. கடலு எந்தக் கதவையும் சாத்திக்கல டீச்சரம்மா.

கூட்டத்துல அத்தச் சொல்லியிருந்தா என்னிய வுட்டுட்டு அவுரத்தான் புடிச்சிருப்பாங்க. பெரியதனம் போயிருக்கும், மானம் போயிருக்கும். நான் வாயக் கட்டிகினேன். அவுரு சொல்லுவாருன்னு பாத்தேன். இப்பயும் பாக்கறேன்.

அதோ, பாயி எழுந்துட்டாரு. தண்ணி ஏறிடுச்சி, படகு வருது. நீ போயி எடத்தப் பாத்துட்டு வந்துடும்மா, எந்தப் பக்கம் பொண்ணுங்க குந்தலாம்னு பாயி காட்டுவாரு. நான் வரல. எனுக்கு இங்க ஒரு வேல கீது.

யோவ். உன்னாண்டதான். இம்மா நேரம் அவுங்களுக்கா பேசினேன்? அந்த ஊசியக் கீழ வெய்யி. பதில் சொல்ல வேணாம், தண்டம் வுழும், கேளு போதும். சாயங்காலம் நான் வந்து நடுவுல நிப்பேன். வுழ மாட்டேன். வாயத் தொறந்து உன்னியக் காட்டியும் குடுக்க மாட்டேன், அந்தப் பயம் உனுக்கு வேணாம். உன்னாண்ட மன்னாப்பும் கேக்கல, தயவும் கேக்கல. அந்தக் கெழவன் மறுக்கா அந்தக் கேள்வியக் கேப்பான், நான் கேக்க வெப்பேன். அப்ப மண்ணப் பாக்காத. என்னியப் பாரு. எழுந்து நின்னு, மொதமொதல்ல இவள மரத்துல ஏத்தினவன் நான்தாண்டான்னு அத்தினி பேரு காதுலயும் வுழறாப்புல சொல்லு. அப்பால கட்டுறதுன்னா நம்ம ரெண்டு பேரையும் சேத்துக் கட்டட்டும்.